பொண்ணு ஃபாரன்சிக் சைக்காலஜி கேக்குது, சேக்கலாமா? ராணிப்பேட்டைக்காரருக்கு கொஞ்சம் நீளமான பதில்

சார், மேலோட்டமா பாத்தா நீங்க கேட்டது காலேஜ் கேள்வி. பொண்ணு பிளஸ் டூ காமர்ஸ் குரூப் முடிச்சிருக்கு, கிரைம் சீரியல் பாத்து பாத்து ஃபாரன்சிக் சைக்காலஜி, அதாவது குத்தம், கோர்ட்டு சம்பந்தப்பட்ட மனநலப் படிப்புதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது, இங்கிலாந்துல ஃபாரன்சிக்கும் நோயாளிங்கள பாக்கற கிளினிக்கல் சைக்காலஜியும் சேர்ந்தாப்ல மூணு வருஷ டிகிரி இருக்கு, முடிச்சா ரெண்டு லைசென்ஸும் கையில வந்துடும்னு ஏஜென்ட் ஒருத்தர் சொல்லியிருக்கார், கிட்டத்தட்ட அதே பேர்ல இங்க ஒரு தனியார் காலேஜும் நோட்டீஸ் அடிச்சிருக்கு, ரெண்டுல எதுல சேக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசில போட்டிருக்கீங்க பாருங்க, லெதர் கம்பெனில சூப்பர்வைசர் வேலை, இருக்கற காச ஒரு தடவதான் போட முடியும், முடிச்சா இதுக்குன்னு வேலை இருக்கா இல்லையான்னு, அதான் கேள்வியே. அதுக்குதான் பதில் எழுதறேன், காலேஜ் விஷயம் அதுக்குள்ளயே வந்துடும்.

நான் யாருன்னு சொல்லிடறேன். பெங்களூர்ல எம்.ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி படிச்சிட்டு வேலூர் பக்கமே ரொம்ப வருஷமா வேலை பாத்துனு இருக்கேன். ஆஸ்பத்திரில பாக்கற கேஸோட, கோர்ட்டுலருந்தும் சிறார் நீதி வாரியத்துலருந்தும் அனுப்பற கேஸும் பாக்கறேன். தடயவியல் லேப்ல நான் வேலை பாத்ததில்ல, அதனால லேப் பத்தி சொல்றத வெளிய நின்னு பாத்தவங்க பேச்சா எடுத்துக்குங்க. சுருக்கமா என் பதில் இதான்: மார்க் ஷீட்ல ஃபாரன்சிக்னு ஒரு வார்த்தை இருக்குங்கறதுக்காக நம்ம ஊர்ல யாரும் கூப்ட்டு வேலை குடுக்க மாட்டாங்க, ஆனா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னு ஆர்சிஐ பதிவு எண் வாங்கிட்டா ஃபாரன்சிக் வேலை தானா தேடி வரும். அதனால கிளினிக்கல் வழில அனுப்புங்க, ஃபாரன்சிக்க அந்த பொண்ணு மனசுல வச்சுக்கட்டும்.

ஆர்சிஐன்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992ல வந்த சட்டப்படி நடக்கறது. டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் பதிவு எப்படியோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு இது அப்படி. பதிவு இல்லாம அந்த பேர்ல தொழில் பண்ணா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஆயிரம் ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்னு அந்த சட்டத்துலயே இருக்கு. ஆயிரம் ரூபாய்க்கு யாரு பயப்படுவாங்கன்னுதான் தெருவுக்கு தெரு மனநல ஆலோசகர்னு போர்டு மாட்டினு உக்காந்திருக்காங்க, அது வேற கதை. 2017 மனநல பராமரிப்பு சட்டமும் யாரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னு தெளிவா எழுதி வச்சிருக்கு: ஆர்சிஐ அங்கீகரிச்ச இடத்துல அந்த படிப்பு படிச்சிருக்கணும், இல்லன்னா சைக்காலஜில பிஜி முடிச்சிட்டு நேரடி மேற்பார்வைல நோயாளிங்கள பாத்து ரெண்டு வருஷ முழுநேர எம்.ஃபில் பண்ணியிருக்கணும். வெறும் பி.எஸ்ஸி சைக்காலஜியோ எம்.எஸ்ஸி சைக்காலஜியோ வச்சுனு கோர்ட்டுல போய் நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னு நின்னா, எதிர்தரப்பு வக்கீல் முதல் கேள்விலயே ரிப்போர்ட்ட ஒண்ணுமில்லாம பண்ணிடுவார். டிரைவிங் ஸ்கூல்ல குடுத்த சர்டிபிகேட்ட காட்டி காட்பாடி பஸ்ஸ ஓட்ட முடியுமா, அந்த மாதிரிதான் இதுவும்.

வருஷக் கணக்க இப்பவே தெரிஞ்சுக்குங்க, பின்னாடி வீட்ல சண்டை வரக்கூடாது. இளநிலை மூணோ நாலோ வருஷம், அப்புறம் பிஜி ரெண்டு வருஷம், அப்புறம் ஆர்சிஐ பயிற்சி, இதுவரைக்கும் அது ரெண்டு வருஷ எம்.ஃபில்லா இருந்துச்சு. ஆக இந்த வழில பாத்தா ஏழு வருஷத்துக்கு கம்மி கிடையாது, பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு ஆயிடும். இதுல ஒரு மாற்றமும் நடந்துனு இருக்கு. பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யூஜிசி, எம்.ஃபில்ல பொதுவா நிறுத்திடுச்சு, கிளினிக்கல் சைக்காலஜிக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரைக்கும் சேர்க்கைக்கு அவகாசம் குடுத்துச்சு, ஆர்சிஐ அதுக்கு பதிலா எம்.ஏ கிளினிக்கல் சைக்காலஜி, சைக்காலஜில டாக்டர் பட்டமான சை.டின்னு புது படிப்புங்கள கொண்டு வந்திருக்கு. உங்க பொண்ணு அந்த கட்டத்துக்கு வரும்போது படிப்போட பேர் வேறயா இருக்கும், ஆனா ஆர்சிஐ அங்கீகாரமும் மேற்பார்வை பயிற்சியும் வேணுங்கறது மாறப்போறதில்ல. இன்னொண்ணு, தபால் வழில சைக்காலஜி படிச்சிக்கலாம், செலவு கம்மின்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, 2025 அட்மிஷன்லருந்து சைக்காலஜிய தொலைதூரக் கல்வியா நடத்தக்கூடாதுன்னு யூஜிசியே சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடியும் அது கிளினிக்கல் பக்கம் பெருசா உதவல.

இப்ப ஏஜென்ட் சொன்ன இங்கிலாந்து படிப்பு. டிகிரி இருக்கறது உண்மை, ரெண்டு லைசென்ஸும் வந்துடும்ங்கறது பொய். அந்த நாட்ல ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ரெண்டும் சட்டம் பாதுகாக்கற பட்டம், எச்சிபிசின்னு ஒரு பதிவு அமைப்பு இருக்கு, அதுல பேர் இருந்தாதான் போட்டுக்கலாம். மூணு வருஷ இளநிலை டிகிரிய பிரிட்டிஷ் சைக்காலஜிகல் சொசைட்டி அங்கீகரிச்சிருந்தா அடுத்த படிக்கு போற தகுதி வரும், அவ்ளோதான். ஃபாரன்சிக்குக்கு அதுக்கு மேல அங்கீகரிச்ச ஒரு எம்.எஸ்ஸி, அப்புறம் குறைஞ்சது ரெண்டு வருஷம் மேற்பார்வைல வேலை. கிளினிக்கல்னா தனியா மூணு வருஷ டாக்டரேட், அதுல இடம் கிடைக்க அந்த ஊர் பசங்களே வருஷக்கணக்கா காத்துனு இருக்காங்க, வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு கிடைக்கற இடம் ரொம்ப ரொம்ப கம்மி, ஃபீஸும் நாமளே கட்டணும். இதெல்லாம் தாண்டி ஊருக்கு திரும்பி வந்தா டிகிரிக்கு இந்தியப் பல்கலைக்கழகங்க சங்கத்துகிட்ட (ஏஐயூ) சமநிலை சான்று, அப்புறம் ஆர்சிஐகிட்ட மதிப்பீடுன்னு அலையணும். அந்த ஊர் சட்டமும் வேற. அங்க மனநிலை பாதிப்பால பொறுப்பு குறைஞ்சிருக்குன்னு காட்டினா கொலைக்குத்தம் கொலையாகாத மரணமா இறங்கும், 1957லருந்து இருக்கற சட்டம், நம்ம சட்டத்துல அப்படி ஒரு வழியே கிடையாது. வசதி இருந்து, அங்கயே தங்கற நோக்கம் இருந்தா போகட்டும். ஒரு தடவதான் காசு போட முடியும்னு சொல்றீங்களே, அந்த காச இதுல போடாதீங்க.

இனி ஃபாரன்சிக் வேலைன்னா நம்ம பக்கம் என்னன்னு சொல்றேன், ஏன்னா சீரியல்ல காட்டற மாதிரி கொலை நடந்த எடத்துல நின்னு குத்தவாளி இடது கைக்காரன், அம்மா இல்லாம வளந்தவன்னு சொல்ற வேலை இங்க ஒரு பதவியாவே கிடையாது. நெஜமா வர்றது வேற மாதிரி. ஒருத்தர் மேல கேஸ் நடக்குது, அவரால கோர்ட்டுல நடக்கறத புரிஞ்சுக்க முடியுமா, வக்கீல்கிட்ட தன் பக்கத்த சொல்ல முடியுமாங்கற சந்தேகம் வருது. இப்ப இருக்கற குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ் 367வது பிரிவுப்படி மாஜிஸ்திரேட் முதல்ல அரசு மருத்துவ அதிகாரிகிட்ட அனுப்புவார், அவருக்கு மனநிலை சரியில்லன்னு பட்டா மனநல டாக்டரான சைக்கியாட்ரிஸ்ட்டுகிட்டயோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகிட்டயோ அனுப்பணும். பாருங்க, சட்டத்துல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னுதான் இருக்கு, ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட்டுன்னு இல்ல. நான் இவ்ளோ நேரம் சொன்னதுக்கு காரணம் இதான்.

ரெண்டாவது, குத்தம் பண்ணப்ப மனநிலை எப்படி இருந்துச்சுங்கற கேள்வி. பழைய தண்டனைச் சட்டம் ஐபிசில 84வது பிரிவு, 2024 ஜூலைலருந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்ல 22வது பிரிவு. லண்டன்ல 1843ல மெக்நாட்டன்னு ஒருத்தர் பிரதமரோட செயலாளர சுட்டுக் கொன்ன வழக்குலருந்து வந்த விதிதான் இன்னிக்கும் ஓடுது. செய்யறது என்னன்னோ, அது தப்புன்னோ சட்டத்துக்கு விரோதம்னோ அந்த நேரத்துல தெரிஞ்சுக்கற சக்தி இல்லாம இருந்தாதான் விடுதலை. வியாதி இருந்தா மட்டும் போதாது. பத்து வருஷமா ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு, அதாவது மனச்சிதைவுக்கு, மாத்திரை சாப்புட்டவரும் அன்னிக்கு தெரிஞ்சே செஞ்சிருக்கலாம். நம்மகிட்ட ஆள் வர்றது சம்பவம் நடந்து பல மாசம் கழிச்சு, மாத்திரை குடுத்து தெளிவான பிறகு. இன்னிக்கு உக்காந்து டெஸ்ட் போட்டு அன்னிக்கு ராத்திரி என்ன நெனப்புல இருந்தார்னு உறுதியா சொல்ல யாராலயும் முடியாது. பழைய ஓபி சீட்டு, வீட்டாளுங்க சொல்றது, பக்கத்து வீட்டாளுங்க சொல்றது, கைது பண்ணப்ப எழுதினது, இதெல்லாம் சேத்து இப்படி இருந்திருக்க வாய்ப்பு இருக்குன்னுதான் எழுத முடியும், தீர்ப்பு சொல்றது ஜட்ஜ் வேலை.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா படறது. 2015 சிறார் நீதி சட்டம் 15வது பிரிவு. பதினாறு முடிஞ்சு பதினெட்டு முடியாத பையன், குறைஞ்சபட்ச தண்டனையே ஏழு வருஷமோ மேலயோ இருக்கற கொடுங்குத்தம்னா, அவன பெரியவங்க மாதிரி விசாரிக்கலாமான்னு வாரியம் முன்மதிப்பீடு பண்ணணும், அந்த குத்தத்த செய்யற மனசளவு உடலளவு திறன் இருந்துச்சா, விளைவு என்னன்னு புரிஞ்சுச்சா, எந்த சூழ்நிலைல செஞ்சான்னு. 2022ல சுப்ரீம் கோர்ட்டு, வாரியத்துல குழந்தை மனநலம் படிச்சவங்க இல்லன்னா அனுபவமுள்ள சைக்காலஜிஸ்ட் மாதிரி ஆளுங்க உதவிய கட்டாயம் வாங்கணும்னு சொல்லிடுச்சு. நம்ம வேலூர்லயே காகிதப்பட்டறைல இந்த மாதிரி பசங்கள வைக்கற அரசு பாதுகாப்பு இடம் இருக்கு, பல மாவட்டத்து பசங்க இருப்பாங்க. பதினாறு வயசுல கோவம், கூட்டாளிங்க தூண்டறது, பின்விளைவ யோசிக்கறது இதெல்லாம் பெரியவங்க மாதிரி இருக்காதுன்னு ஆராய்ச்சி சொல்லுது, அது உறுதியான விஷயம், ஆனா அது ஆயிரம் பசங்க சராசரி. எதிர்ல உக்காந்திருக்கற இந்த ஒரு பையனுக்கு அன்னிக்கு எவ்ளோ புரிஞ்சுச்சுன்னு அளக்க ஒரு டெஸ்ட்டும் கிடையாது. ஐக்யூ தொண்ணூறுன்னு வந்தா விளைவு புரிஞ்சவன்னு சிலர் எழுதிடறாங்க, என்னப் பொறுத்த வரைக்கும் அது தப்பு. புரிஞ்சிக்கற சக்தி வேற, அந்த நிமிஷத்துல அடக்கிக்கற சக்தி வேற.

இதுல படிக்கற பிள்ளைங்க முதல்ல தடுமாறறது எங்கன்னா, கிளினிக்ல வர்றவர் நம்ம ஆள், அவர் சொல்றது சில விதிவிலக்கு தவிர வெளிய போகாது. கோர்ட்டு அனுப்பின கேஸ்ல நம்மள கேட்டது கோர்ட்டு, எதிர்ல இருக்கறவர் இல்ல. அதனால உக்காந்த உடனே, நீங்க சொல்றத நான் ரிப்போர்ட்ல எழுதலாம், நான் உங்களுக்கு வைத்தியம் பண்ண வரல, எதுக்கும் பதில் சொல்லாம இருக்கறது உங்க இஷ்டம்னு சொல்லிடணும். வேலூர் தொரப்பாடி சென்ட்ரல் ஜெயில்ல இருக்கற ஆளுக்கு இத சொன்னா, அப்ப இன்னாத்துக்குமா வந்தேன்னு கேப்பாங்க. கேக்கறது நியாயம்தான். அனுதாபமும் இருக்கணும், ஏமாறவும் கூடாது, ஏன்னா தண்டனைலருந்து தப்பிக்க வியாதி இருக்கற மாதிரி நடிக்கறவங்களும் உண்டு, நெஜ வியாதிய மறைக்கறவங்களும் உண்டு, ரெண்டாவது ரகம் வெளிய இருக்கறவங்க நெனைக்கறத விட ஜாஸ்தின்னு என் அனுபவம்.

பொய் கண்டுபிடிக்கற மெஷின் பத்தி பொண்ணு ஆசையா கேட்டிருக்கு. பாலிகிராஃப் அளக்கறது மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், தோல் வேர்வை. பொய்ய அது அளக்கல, பதட்டத்த அளக்குது, உண்மை சொல்றவனும் போலீஸ் ஸ்டேஷன்ல பதறுவான். 2010ல செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, சம்மதம் இல்லாம பாலிகிராஃப், மருந்து குடுத்து பேச வைக்கற நார்கோ, மூளை அலை சோதனை எதையும் ஒருத்தர் மேல நடத்தக்கூடாதுன்னு சொல்லிடுச்சு, தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல கட்டாயப்படுத்தக்கூடாதுங்கற அரசியல் சாசனம் 20(3)லயும் தனிமனித சுதந்திரம் பத்தின 21லயும் மோதுதுன்னு. சம்மதிச்சு பண்ணாலும் அந்த முடிவு சாட்சி ஆகாது, அதுலருந்து கிடைச்ச தகவல வச்சு ஏதாவது பொருள் கண்டுபிடிச்சா அது வேணா ஆகலாம். இருந்தாலும் லேப்ல இந்த வேலைக்கு ஆள் எடுக்கறாங்க, குஜராத் காந்திநகர்ல இருக்கற தேசிய தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகத்துல எம்.எஸ்ஸி ஃபாரன்சிக் சைக்காலஜி இருக்கு, 2020ல மத்திய பல்கலைக்கழகமா மாறின நல்ல இடம். லேப்தான் வேணும்னு பொண்ணு பின்னாடி முடிவு பண்ணா அந்த பிஜிய யோசிக்கலாம், ஆனா அதுமட்டும் படிச்சா ஆர்சிஐ பதிவு வராது. ஃபாரன்சிக்ல உண்மைலயே வலுவா நிக்கற ஆராய்ச்சின்னா நேர்ல பாத்த சாட்சியோட ஞாபகம் எப்படி மாறும்ங்கறதுதான். 1974ல லாஃப்டஸ், பால்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க கார் மோதற படம் போட்டுக் காட்டி, நொறுங்கினப்ப எவ்ளோ வேகம்னு ஒரு குழுவையும் தொட்டுக்கிட்டப்ப எவ்ளோ வேகம்னு இன்னொரு குழுவையும் கேட்டாங்க, வார்த்தைய மாத்தினதுக்கே ஜனங்க சொன்ன வேகம் மாறிடுச்சு. நம்ம ஸ்டேஷன்ல கேக்கற கேள்விய நெனச்சுப் பாருங்க.

ஒரு விஷயம் நம்ம பக்கம் படிக்கறவங்களுக்கு நெஜமாவே லாபம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுன்னு பாத்தா தமிழ் மட்டும் இல்ல, உருது பேசற வீடு, சித்தூர் எல்லைல தெலுங்கு பேசற வீடு, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்துலருந்தும் ஜார்கண்டுலருந்தும் வர்ற குடும்பம். நாங்க போடற ஐக்யூ டெஸ்ட்ல பாதி பல வருஷத்துக்கு முன்னாடி வேற ஊர் பசங்கள வச்சு அளவு போட்டது, பினே-காமத் டெஸ்ட்ட இன்னிக்கும் போடறாங்க. பேர்ணாம்பட்டுல அஞ்சாவதோட நின்னு தோல் ஷாப்புக்கு போன பையனுக்கு அத போட்டு வர்ற நம்பர அப்படியே நம்பக்கூடாதுன்னு கத்துக்கறதுதான் படிப்புல பாதி. பாகாயத்துல இருக்கற சிஎம்சி மனநல மையம் 1957லருந்து நோயாளிகூட குடும்பத்தாளும் தங்கற முறைல நடக்குது, அந்த காலத்துல நாட்டுலயே புதுசு. நோயாளிய தனியா பாக்காம வீட்டோட சேத்து பாக்கற பழக்கம் அப்படி வந்ததுதான், கோர்ட்டு கேஸ்லயும் வீட்டாளுங்ககிட்ட பேசாம ரிப்போர்ட் எழுத எனக்கு கை வராது. தொரப்பாடிலயே ஜெயில் பக்கத்துல சிறை அதிகாரிங்களுக்கு பயிற்சி குடுக்கற ஆப்கா இருக்கு, 1979லருந்து, தென் மாநிலங்க சேர்ந்து நடத்தறது. பொண்ணு ராணிப்பேட்டைல இருந்துனே இதெல்லாம் கேள்விப்படாம சீரியல பாத்து ஆசைப்பட்டிருக்கு.

வேலை விஷயம் நேரா சொல்லிடறேன். ஃபாரன்சிக் மட்டும் பண்ணி சம்பாதிக்கறவங்கள இந்த பக்கம் நான் பாக்கல. ஆர்சிஐ பதிவு இருந்தா மாவட்ட மனநலத் திட்டம், மெடிக்கல் காலேஜ், தனியார் ஆஸ்பத்திரி, போதை மறுவாழ்வு மையம், ஸ்பெஷல் ஸ்கூல், சொந்த கிளினிக்னு வேலைக்கு பஞ்சம் இல்ல, ஆள்தான் பஞ்சம். தினசரி வேலை பெரும்பாலும் குழந்தைங்களுக்கு ஐக்யூ பாத்து மாற்றுத்திறனாளி சான்றுக்கு ரிப்போர்ட் எழுதறது, டிப்ரஷன், ஓசிடி, குடி. கோர்ட்டு கேஸ் நடுவுல நடுவுல வரும். ஆரம்ப சம்பளம் ஐடி கம்பெனி கணக்குல எதிர்பாக்காதீங்க. போலீஸ்ல சேத்துக்குவாங்களான்னு கேட்டீங்க, எஸ்ஐ பரீட்சைக்கு எந்த டிகிரியா இருந்தாலும் சரி, சைக்காலஜின்னு தனி சலுகை இல்ல. கல்யாண வயசு பத்தி நீங்க எழுதல, ஆனா எழுதாம விட்ட எடத்துல அது தெரியுது. நடுவுல நிறுத்தற மாதிரி இருந்தா ஆர்சிஐ அங்கீகாரம் இல்லாத பிஜியோட நிறுத்தாதீங்க, அங்க நின்னா பதிவும் இல்லாம வேலையும் இல்லாம நடுவுல மாட்டிக்கும். ஒண்ணு பி.எஸ்ஸியோட நின்னு சமூகப்பணி மாதிரி வேற படிப்புக்கு திரும்பணும், இல்லன்னா கடைசி வரைக்கும் போகணும்.

இப்போதைக்கு செய்ய வேண்டியது சின்னதுதான். சாதா பி.எஸ்ஸி சைக்காலஜி நல்ல காலேஜா பாத்து சேருங்க, சென்னைல பிரசிடென்சி, விமன்ஸ் கிறிஸ்டியன் ரெண்டுலயும் இருக்கு, அரசு காலேஜ்ல கிடைச்சா காசு மிச்சம், அத கடைசி ரெண்டு வருஷத்துக்கு வைங்க, அங்கதான் செலவு. நோட்டீஸ் அடிச்ச அந்த காலேஜுக்கு போய், இந்த படிப்புக்கு ஆர்சிஐ அங்கீகாரக் கடிதம் இருக்கா, எந்த வருஷம் வரைக்கும், எத்தன சீட்டுன்னு மட்டும் கேளுங்க. அப்ளை பண்ணியிருக்கோம், வந்துனு இருக்குன்னு சொன்னா டீ குடிச்சிட்டு எழுந்து வந்துடுங்க. ஆர்சிஐ வெப்சைட்ல அங்கீகரிச்ச காலேஜ் பட்டியல் இருக்கு, எதுவா இருந்தாலும் அதுல பேர பாக்காம காசு கட்டாதீங்க. காமர்ஸ் குரூப் பல காலேஜ்ல தடை இல்ல, நீட்டும் வேணாம். ஆனா புள்ளியியல் முதல் வருஷத்துலருந்தே வரும், டெஸ்ட் ஸ்கோர் எல்லாம் அதுலதான் நிக்குது, அந்த பேப்பர்ல பாதிப் பேர் தேங்கிடறாங்க, அதனால லீவுல சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு இந்த மூணையும் பத்தாவது கணக்கு புக்க எடுத்து போட்டுப் பாக்க சொல்லுங்க, பிடிச்சிருந்தா சேத்து விடுங்க.